பெரியம்மாவின் பதினோரு மாதப் பணம்

போன மாதம் 7ஆம் தேதி கீழத்தெருப் பெரியம்மாவுக்கு ஓஏபி பணம், அதாவது முதியோர் உதவித்தொகை, வந்தது. பதினோரு மாதத்துக்கு அப்புறம் ஊர் நூலகத் திண்ணையில் உட்கார்ந்து அவர் கையில் வாங்கிய 1,200 ரூபாய். நோட்டை இரண்டு தடவை எண்ணினார், முந்தானையில் முடிந்தார், பிறகு முடிச்சை அவிழ்த்து இன்னொரு தடவை எண்ணினார். "ஏய்யா, அடுத்த மாசமும் வருமா?" என்று கேட்டார். வரும் பெரியம்மா என்றேன். அந்த ஒரு வார்த்தையைத் தைரியமாகச் சொல்வதற்கு நாங்கள் இரண்டு பேரும் நடந்த நடையை எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கிற யாருக்காவது உதவும்.

நான் தென்காசிப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தபால்காரன். 1981இல் சேரும்போது ஈ.டி. (இலாகாவுக்கு வெளியே உள்ள ஊழியர்) என்பார்கள், பின்னால் ஜி.டி.எஸ். (கிராமின் டாக் சேவக்) ஆக்கினார்கள். 65 வயது முடிந்து 2024இல் வெளியே வந்தேன். எங்கள் வகையறாத் தபால்காரர்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அடுத்தவர் பென்ஷன் நின்றுபோனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதியோர் உதவித்தொகை நம் மாநிலத்தில் 1962இல் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்தது. நான் பார்த்த காலத்தில் ரொம்ப வருடம் அது மணியார்டராகத்தான் வந்தது. மாதா மாதம் பையில் கட்டுக் கட்டாக ஃபாரம் இருக்கும். வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் மை டப்பாவை எடுப்பேன். பெரியம்மா பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இடது கட்டைவிரலை நீட்டுவார். நான் பிடித்து உருட்டி வைப்பேன். அப்போதே ரேகை பாதிதான் விழும். கைநாட்டு என்றால் சாட்சிக் கையெழுத்து வேண்டும், எதிர்வீட்டு அண்ணாச்சி போடுவார். பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

பணம் ஒரு மாதம் வராவிட்டால் ஜனங்கள் என்னைத்தான் கேட்பார்கள். மணியார்டரில் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அது தொலையாது, எங்கேயாவது நிற்கும். நம்பரும் தேதியும் அனுப்பிய ஆபீசும் தெரிந்தால், எந்த இடத்தில் நிற்கிறது என்று பிடித்துவிடலாம். இப்போது பணம் பேங்க் வழியாகப் போனாலும் நான் அதே வழியில்தான் தேடுகிறேன்.

பெரியம்மாவுக்கு வயது 78. கணவர் இறந்து இருபது வருடம். மகன் திருப்பூரில் இருக்கிறான், வருவதும் அனுப்புவதும் குறைவு. போன வருடம் ஒரு மாதம் பணம் வரவில்லை. தாமதமாக வரும் என்று இருந்துவிட்டார். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம். பேங்கில் இருந்து ரேகை வைக்கிற மிஷினோடு நூலகத் திண்ணைக்கு வருகிற பையன், "பாட்டி, உங்க கணக்குல பணம் ஏறல" என்று சொல்லிவிட்டான். தாலுகா ஆபீசுக்குத் தனியாக மூன்று நடை போயிருக்கிறார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இல் இருந்து டிக்கெட் கிடையாது, அது ஒன்றுதான் ஆறுதல். போன இடத்தில் "வரும் போங்க" என்றார்கள். அந்தப் பதிலோடு ஐந்து மாதம் போய்விட்டது. கடையில் கடன் நின்றது. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஊரில், நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு தெரியாமல் இருந்தேன். கோயில் கொடை அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியம்மாவே சொன்னார்: "எனக்கு மட்டும் ஏன்யா வரல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இந்தப் பணத்தைக் கவனிப்பது வருவாய்த்துறை. தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனித் தாசில்தார் ஒருவர் இருப்பார். ஜனங்கள் ஆபீசுக்குள் நுழைந்ததும் முதல் மேஜையில் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது பட்டா மேஜையாகக்கூட இருக்கும். நேராக அந்தத் தனிப் பிரிவுக்குப் போக வேண்டும். போனதும் "பணம் வரல" என்று மட்டும் சொல்லக்கூடாது. என் பேர் பட்டியலில் இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கிறதா, கடைசியாக எந்த மாதத்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். நான் அப்படித்தான் கேட்டேன். அங்கிருந்த பெண் நல்ல பிள்ளை. உத்தரவு நகலில் இருந்த நம்பரை அடித்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மாதா மாதம் பணம் போயிருந்தது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"போயிருக்கே சார்" என்றாள் அந்தப் பிள்ளை. "வரலியேம்மா" என்றார் பெரியம்மா.

பேங்குக்கு வந்தோம். பாஸ்புக்கைப் பதிந்து கொடுத்தார்கள். கடைசி வரவுக்கு அப்புறம் வெள்ளையாக இருந்தது. ஆபீஸ் சொன்னதும் உண்மை, பேங்க் சொன்னதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில்தான் பணம் நிற்கிறது. அங்கேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

ஆதார் எண்ணை வைத்து அனுப்பும் அரசுப் பணம், நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. அந்த ஆதாரோடு கடைசியாக எந்த பேங்க் இணைந்திருக்கிறதோ அங்கே போய்விடும். நமக்கு நாலு பேங்கில் கணக்கு இருந்தாலும் ஒரு சமயத்தில் ஒரு பேங்குக்குத்தான் இந்த இணைப்பு. புதிதாக ஒரு கணக்கு தொடங்கும்போது, ஃபாரத்தில் "அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரச் சம்மதம்" என்ற இடத்தில் ஒரு டிக் விழுந்தால், பழைய இணைப்பு போய்ப் புதியது ஏறிக்கொள்ளும். நமக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

பேத்தியின் போன் நம்பர்தான் பெரியம்மாவின் ஆதாரில் இருந்தது. அது இருந்தது பெரிய புண்ணியம். ஆதார் இணையதளத்தில் எண்ணைப் போட்டு, வந்த ஓடிபியைக் கொடுத்து உள்ளே போனால், வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பகுதி இருக்கும். அதைத் தொட்டதும் பேங்க் பேரும் இணைத்த தேதியும் வந்தது. வேறொரு பேங்க். 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டவுன் கிளை. பேத்திதான் தேதியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, அன்னைக்குத்தான் சமுதாய நலக்கூடத்துல கேம்ப் போட்டாங்க. ஆச்சியும் கை வச்சா."

அடுத்த நாள் காலையில் மூன்று பேரும் அந்தக் கிளைக்குப் போனோம். முகாமில் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கு. பாஸ்புக் அப்போதுதான் முதல் தடவையாக அச்சாகிறது. மிஷின் ஒவ்வொரு வரியாக அடிக்க அடிக்க நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்து வரி. பத்து 1,200. மொத்தம் 12,000. ஒரு பைசா குறையவில்லை. பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கி, வரிகள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். "இவ்ளோவும் எம்பேர்லயா இருந்துச்சு?" என்றார். கவுண்டரில் இருந்த தம்பி எழுந்து வந்து அவருக்கு நாற்காலி போட்டார்.

அவர் மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் அந்தப் பணம் அங்கே அவர் பேரில் கிடந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு கொதிக்கிறது. தாலுகாவில் முதல் நடையிலேயே யாராவது திரையைப் பார்த்து "பணம் போகிறது, எந்த பேங்குக்கு என்று பாருங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

பழைய பேங்கில் ஆதார் நகலும் சம்மதக் கடிதமும் கொடுத்து இணைப்பைத் திரும்ப மாற்றினோம். அதற்குள் பதினோராவது மாதத்துப் பணமும் டவுன் கணக்கிலேயே ஏறிவிட்டது, அதை எடுக்க இன்னொரு நடை. அதற்கடுத்த மாதம் பணம் திண்ணைக்கு வந்துவிட்டது.

இதை முடித்ததும் ஊரில் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்குக் கோளாறு விரலில். எங்கள் பக்கத்துப் பெண்கள் பத்து வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவர்கள். இலையும் தூளும் கத்தரியும் நாற்பது ஐம்பது வருடம் உரசிய விரலில் மிஷினுக்கு ரேகை தெரியாது. 2018இல் தபால் துறை பேமெண்ட்ஸ் பேங்க் வந்த பிறகு நானே அந்த மிஷினை வைத்துக்கொண்டு அலைந்தவன், அதனால் சொல்கிறேன். கட்டைவிரலைவிட மோதிர விரலும் சுண்டு விரலும் தேயாமல் இருக்கும், அதை முதலில் வைக்கச் சொல்லுங்கள். காய்ந்த கையாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். மிஷின் கண்ணாடியையும் துடையுங்கள், முக்கால்வாசி அதுதான் அழுக்காக இருக்கும். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தால் சிலருக்குச் சரியாகிறது. எதற்கும் மசியாவிட்டால் கிளைக்கே பாஸ்புக்கோடு போய், பணம் எடுக்கும் சீட்டில் கைநாட்டு வைத்து, சாட்சியோடு வாங்கலாம். ரேகை விழவில்லை என்பதற்காகப் பணம் இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அப்புறம், எவ்வளவு எடுத்தார்கள் என்ற சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த தடவை கூட வருகிற பிள்ளையிடம் காட்டுங்கள்.

இன்னொரு வீட்டில் நடந்ததுதான் பெரிய கொடுமை. மேலத்தெருவில் ஒரே பேரில் இரண்டு பேர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு மூன்று பேர் வைத்திருக்கிற அம்மன் பேர். அதில் ஒருவர் இறந்தார், உயிரோடு இருந்தவரின் பென்ஷன் நின்றது. திரையில் "இறப்பு" என்று இருந்தது. அவரே எதிரே நின்றுகொண்டிருக்கிறார், "வி.ஏ.ஓ. ரிப்போர்ட் அப்படி இருக்கு, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்று பதில்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். மனு ஒரே பக்கம். உத்தரவு எண், கடைசியாகப் பணம் வந்த மாதம், நின்ற மாதம், என்ன வேண்டும், அவ்வளவுதான் எழுதினேன். கஷ்டத்தை எழுத வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அது கடைசிப் பத்தியில் வரட்டும். மனுவுக்கு நம்பர் கொடுப்பார்கள். அந்த நம்பர் இல்லாமல் வீட்டுக்கு வரக்கூடாது. முதல்வரின் உதவி எண் 1100க்குப் போன் பண்ணிச் சொன்னாலும் இதேபோல ஒரு நம்பர் வரும். ஒரு மாதம் பார்த்தோம், அசையவில்லை. அப்புறம் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் 6(1) பிரிவின்படி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, ஒரே ஒரு விஷயம் கேட்டேன்: இன்னாருடைய உதவித்தொகையை நிறுத்துவதற்கு அடிப்படையான அறிக்கையின் நகல் வேண்டும். 30 நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். 26ஆம் நாள் தபால் வந்தது. அறிக்கையில் இருந்த கணவர் பேர் வேறு. இறந்துபோன அந்த இன்னொரு அம்மாவின் கணவர் பேர். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தோம். அடுத்த மாதம் பணம் ஓடியது.

இதைச் செய்யும்போது சில பேர் என்னிடம், சர்க்கார் சும்மா கொடுக்கிற பணத்துக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்டார்கள். சும்மா இல்லை. பெரியம்மா சுற்றிய பீடிக்கு வரி வாங்கினார்கள், அவர் வாங்கும் சோப்புக்கும் வாங்குகிறார்கள். 2011இல் ஆயிரம் ஆனது, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இந்த 1,200இல் எண்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2006இல் வைத்த அதே 200. அரிசியும் மாத்திரையும் 2006 விலையில் நிற்கவில்லை. இந்தத் தொகையே போதாது என்று பேச வேண்டிய நேரத்தில், இருப்பது கைக்கு வரவில்லை என்று அலைய வைக்கிறோம்.

மேலத்தெரு அம்மாவுக்குப் பணம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் இறந்துவிட்டதாக எழுதி வைத்திருந்த ஒன்பது மாதத்துப் பணம், 10,800 ரூபாய், இன்னும் வரவில்லை. நிலுவை கொடுக்க வழியில்லை என்று வாயால் சொல்கிறார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று போன வாரம் மறுபடியும் மனுப் போட்டிருக்கிறேன். நம்பரை என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நாளை திங்கட்கிழமை. ஆறே முக்கால் பஸ்ஸுக்கு அந்த அம்மா ஸ்டாப்பில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.