மூன்று நடை, ஒரு பார்சல்

காரைக்குடியிலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து கிலோ பெட்டி ஒன்றைத் தபாலில் போட மூன்று நடை. முதல் நடை டேப்பால் வீணானது. வீட்டிலேயே சுற்றிச் சுற்றி ஒட்டி, காடாத் துணி போட்டுத் தைத்துக் கொண்டுபோனால், கவுன்ட்டரில் முதல் வார்த்தையே "பிரிச்சுக் காட்டுங்க". வெளிநாட்டுப் பார்சலில் உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகே ஒட்ட விடுவார்கள். திறந்த பெட்டியோடு போங்கள். டேப், கத்தரிக்கோல், மார்க்கர் கையில் இருக்கட்டும்; அங்கே இரவல் கிடைக்காது.

பிரித்ததும் சூடம் டப்பா மாட்டியது. சாமி சாமான் என்று சொல்லிப் பயனில்லை. எளிதில் தீப்பற்றும் பொருள், விமானத்தில் ஏறாது. கொப்பரையும் அப்படித்தான், எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறிப் பற்றக்கூடிய சரக்கு என்பது விமானச் சரக்கு விதி. எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், சென்ட் பாட்டில் இரண்டையும் கிளம்பும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

கவுன்ட்டரில் யாரும் வாய் திறக்காத விஷயம் கசகசா. சிங்கப்பூரிலும் துபாயிலும் அதற்குத் தடை. நம்மூர்க் குருமாப் பொடியில் கசகசா விழாமல் இருக்குமா? பொடியாக அரைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், வாங்குகிறவர்தான் அங்கே பதில் சொல்ல வேண்டும். அனுப்புவதற்கென்று தனியாக அரையுங்கள். கெட்டியாவதற்குப் பொட்டுக்கடலை போதும்.

இரண்டாம் நடையை விழுங்கியது சிஎன் 23 என்ற சுங்கப் படிவம். "பலகாரம், துணி" என்று மொத்தமாக எழுதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கை முறுக்கு 1 கிலோ, சீப்புச் சீடை 1 கிலோ, கண்டாங்கிச் சேலை 1 என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, எடை, ரூபாய் மதிப்பு வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். அன்பளிப்பு என்றாலும் மதிப்பில் பூஜ்யம் போடக்கூடாது. படிவத்தில் இருப்பதைத்தான் அவர்கள் கணினியில் தட்டுகிறார்கள். அந்த விவரம் பெட்டிக்கு முன்னாலேயே அங்குள்ள சுங்கத்துக்குப் போய்விடும். அதனால் கவுன்ட்டரை விட்டு நகருமுன் ரசீதில் பெயர், முகவரி, பெறுபவர் கைபேசி எண்ணை ஒருமுறை படித்துவிடுங்கள். சிங்கப்பூர் அஞ்சல் குறியீடும் நம் பின்கோடு போல 6 இலக்கம்தான், மாற்றி அடித்துவிடுகிறார்கள்.

மூன்றாம் நடையில் ஆதார் நகல், பணம் எல்லாம் ஐந்து நிமிட வேலை.

எடையில் மட்டும் கவனம். வெளிநாட்டு ஸ்பீடு போஸ்ட்டில் 250 கிராமுக்கு 250 கிராம் கட்டணம் ஏறும். வீட்டுத் தராசில் சரியாக இருந்த பெட்டி, டேப்பும் அட்டையும் சேர்ந்து அங்கே 5.02 காட்டியது. இரண்டு கை முறுக்கை வெளியே எடுத்ததும் ஒரு படி கட்டணம் இறங்கியது.