அப்பாவோட ஆஞ்சைனாவும் ஒரு டிரிப் ஷீட்டும்

அப்பாவுக்கு நெஞ்சுல பிரச்சனைன்னு தெரிஞ்சு மூணு வருஷம் ஆகுது. அட்டாக் இல்லைங்க, ஆஞ்சைனா. இதயத்துக்கு ரத்தம் போற குழாய் சுருங்கிக் கெடக்கு, சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் தெரியாது, மேடு ஏறுனாலோ சாப்பிட்ட கையோட நடந்தாலோ மார்கழிக் குளிர்ல விடியக்காலம் வெளிய போனாலோ நெஞ்சை அமுக்கும், நின்னுட்டா ரெண்டு மூணு நிமிஷத்துல போயிரும். டவுன்ல ஒரு ஆஸ்பத்திரில ஆஞ்சியோ எடுத்தோம், இப்பதைக்கு மாத்திரையிலயே பாப்போம்னுட்டாங்க.

சொந்தக்காரங்க விடுவாங்களா? காப்பீட்டு கார்டு இருக்குல்ல, குழாயை விரிச்சு வைக்கிற ஸ்டென்ட்டை வச்சுத் தொலைக்க வேண்டியதுதானேன்னு ஆளாளுக்கு போன். நானும் ஆடிப்போய்தான் இருந்தேன். அப்புறம்தான் தேடிப் படிச்சேன், 2020ல வந்த இஸ்கீமியா ஆய்வுன்னு ஒண்ணு, அப்பா மாதிரி நோய் நிதானமா இருக்குற இதயக்குழாய் அடைப்புக்காரங்க 5179 பேர். உடனே ஸ்டென்ட், பைபாஸ்னு போனவங்களுக்கும் மொதல்ல மாத்திரையில ஆரம்பிச்சவங்களுக்கும் சாவு, அட்டாக் இதுல பெருசா வித்தியாசம் இல்லையாம். அடிக்கடி வலி வர்றவங்களுக்கு ஸ்டென்ட் வலியைக் குறைக்குது, அது உண்மை. இடது மெயின் குழாய்ல பெரிய அடைப்பு உள்ளவங்களை அதுல சேக்கவே இல்லை, அதனால இதைப் படிச்சிட்டு யாரும் உங்க டாக்டர்கிட்ட சண்டைக்குப் போயிராதீங்க.

சரி மாத்திரைன்னு ஆயிருச்சு, அதை யாரு பாத்துக்குறது? மாசாமாசம் டவுனுக்கு அலைய முடியாது, எங்க ஊரு பிஹெச்சிதான், ஆரம்ப சுகாதார நிலையம். அங்க டாக்டர் நல்லவர், ஆனா வெளிய அறுபது பேரு நிக்கிறாங்க. "நெஞ்சு வலி இருக்காய்யா?" "இல்லைங்க." "சரி, அதே மாத்திரை." ஒரு வருஷம் இப்படியே ஓடுச்சு.

அப்பா பொய் சொல்லலை, அதுதான் கொடுமை. அவரு அகராதில வலின்னா பல்வலி, முட்டிவலி. நெஞ்சுல பாரமா அடைக்குறது வலியே இல்லை, அது "கேஸு". அதுக்கு ஓமத்தண்ணி.

கண்டுபுடிச்சது மக்களைத் தேடி மருத்துவத்துல எங்க வீட்டுக்கு சுகர், பிரஷர் மாத்திரை கொண்டு வர்ற அக்கா. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி பக்கம் ஆரம்பிச்சாங்களே, அந்தத் திட்டம்தான், மகளிர் குழுவுல இருந்து ஆள் எடுத்து பிரஷர் மெஷினும் சுகர் பாக்குற மெஷினும் குடுத்து அனுப்புறாங்க. அந்தக்கா ஒருநாள் பிரஷர் பாத்துக்கிட்டே சாதாரணமா கேட்டாங்க, "என்னங்கய்யா இப்பல்லாம் மில் கேட்டு டீக்கடையில உங்களைக் காணோம்?" அப்பா, "அங்க வரைக்கும் எதுக்கும்மா, இங்கயே டீ இருக்கு"ன்னாரு. எனக்கு அப்பதான் ஒறைச்சுச்சு. அவரு மில் கேட்டுக்குப் போறதை நிறுத்தி எத்தனையோ மாசம் ஆச்சு, அந்த மேடு ஏறுனா அடைக்குதுன்னு வேற டீக்கடைக்கு மாறி, அப்புறம் அதையும் விட்டு, இப்ப திண்ணைதான். நடந்தாத்தானே வலி வரும்? நடக்குறதையே நிறுத்திட்டா டாக்டர் கேக்குறப்ப "இல்லைங்க"தான்.

அக்கா அதோட விடலை. நெஞ்சு அடைச்சா போடுறதுக்குன்னு சட்டைப் பைல வச்சிருந்த சார்பிட்ரேட் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுனாங்க, பத்துல நாலுதான் மிச்சம். "எப்படிங்கய்யா போடுறீங்க?" "தண்ணி ஊத்தி முழுங்குவேன்." நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரைங்க அது! முழுங்குனா வேலை செய்ய எவ்வளவு நேரம் ஆகும், அதுக்குள்ள வலி தானாவே போயிரும், அவரும் மாத்திரை கேட்டுச்சுன்னு நம்பிக்கிட்டு இருந்திருக்காரு. இத்தனை மாசமா பக்கத்துலயே இருக்கேன், நான் பாக்கலை.

அந்தக்கா போன் பண்ணிச் சொல்லி அடுத்த வாரம் பிஹெச்சில என்சிடி சிஸ்டர், அதான் சுகர், பிரஷர் மாதிரி நாள்பட்ட நோய் பாக்குற நர்ஸ், தனியா உக்கார வச்சு பேசுனாங்க. வலி இருக்கான்னே கேக்கலை. எது வரைக்கும் நடக்குறீங்க, எங்க நிக்கிறீங்க, நெஞ்சுல ஏதாச்சும் தூக்கி வச்ச மாதிரி இருக்கான்னுதான். அப்பா பஸ் கண்டக்டரா இருந்தவரு, ஸ்டாப் ஸ்டாப்பா சொல்லிட்டாரு. மாத்திரை போடுறப்ப நிக்கக் கூடாது, உக்காந்துக்கணும், பிரஷர் சடக்குனு எறங்கி தலை சுத்தி விழுந்துருவீங்கன்னு சிஸ்டர் செஞ்சே காட்டுனாங்க. நாடியும் எண்ணுனாங்க, 84. அப்புறம் டாக்டர், நாடித் துடிப்பைக் குறைக்கிற மெட்டோப்ரோலால் மாத்திரையோட அளவை ஏத்துனாரு, இதை நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்புனாரு.

மருந்து குடுக்குற அண்ணன் இன்னொண்ணு புடிச்சாரு, எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். டவுன் ஆஸ்பத்திரில எழுதுன மோனோநைட்ரேட், நெஞ்சு அடைக்காம இருக்க தெனம் முழுங்குற மாத்திரை, 1-0-1னு சீட்டு. அப்பா காலைல எட்டு, ராத்திரி எட்டுன்னு கண்டக்டர் கணக்கா கரெக்டா போட்டுக்கிட்டிருந்தாரு. அந்த மாத்திரை நாள் பூரா ஒடம்புல இருந்தா ஒடம்பு பழகிக்கிட்டு அது கேக்காமப் போயிருமாம், தெனம் ஒரு பத்துப் பன்னெண்டு மணி நேரம் இடைவெளி விடணுமாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து ரெண்டாவது மாத்திரையை மத்தியானம் மூணுக்கு மாத்திட்டாரு. கேள்வி இன்னொண்ணும் கேட்டாரு, என்னை வெளிய போகச் சொல்லிட்டு. வயாகரா வகை மாத்திரை எதுவும் எடுக்குறீங்களான்னு. அப்பா மொகம் செவந்து போய் வந்தாரு. நான் சிரிச்சேன், ஆனா அது சிரிப்பு விஷயமே இல்லை, சார்பிட்ரேட், மோனோநைட்ரேட் மாதிரி நைட்ரேட் மாத்திரையோட அது சேந்தா பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்து.

இதுல யாருமே ஸ்பெஷலிஸ்ட் இல்லை பாருங்க. டவுன்ல இருக்குற கார்டியாலஜிஸ்ட்டுக்கு அப்பாவோட குழாய் எத்தனை சதவீதம் அடைச்சிருக்குன்னு தெரியும், அவரு டீக்கடை மாறுனது தெரியாது. அந்தக்காவுக்கு அதுதான் தெரியும்.

எல்லாம் சொர்க்கம்னும் நெனைக்காதீங்க. ஒரு மாசம் மெட்டோப்ரோலால் ஸ்டாக் இல்லை, வெளிய வாங்குனோம். அந்த டாக்டருக்கும் டிரான்ஸ்ஃபர் வந்துருச்சு, புதுசா வந்த பொண்ணு மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க, "நெஞ்சு வலி இருக்காய்யா?" இந்தத் தடவை அப்பா பதில் சொல்லாம நோட்டை எடுத்து நீட்டுனாரு. சிஸ்டர் எழுதச் சொன்னது. கண்டக்டருங்க பஸ்ல எழுதுற டிரிப் ஷீட் மாதிரியே கோடு போட்டு தேதி, எது வரைக்கும், எங்க நின்னேன், மாத்திரை எத்தனை. டாக்டர் ரெண்டு பக்கம் முழுசா படிச்சாங்க, அந்த ஓபி கூட்டத்துலயும்.

நோட்டோட மொதப் பக்கத்துல நான் எழுதி ஒட்டுனது: உக்காந்து மாத்திரை வச்சும் அஞ்சு நிமிஷத்துல வலி விடலைன்னா, இல்ல சும்மா இருக்குறப்பவே வந்தா, 108. கேஸான்னு யோசிக்கிற வேலையே வேணாம். பிஹெச்சிலயே இதயம் காப்போம் திட்டத்துல ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின்னு 14 மாத்திரை ரெடியா வச்சிருக்காங்க, அட்டாக் மாதிரி இருந்தா குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க. இது வரைக்கும் தேவைப்படலை.

நேத்து நோட்டைப் பாத்தேன். "மில் கேட் வரை. வழியில ஒரு தடவை நின்னேன், கோயில் கிட்ட. மாத்திரை இல்லை. டீ 2." ரெண்டாவது டீக்கு சக்கரை போட்டாரான்னு அக்கா வந்து விசாரிக்கட்டும், நான் வாயைக் குடுக்கலை.