வேகா: ஆற்றோர நிலம் தந்த குடும்பப்பெயர்

'வேகா' என்று பெயருள்ள ஸ்பானியர்கள் எல்லாரும் ஒரே வம்சம் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. வேகா என்றால் ஆற்றை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் சமவெளி. வெள்ளம் வண்டல் கொண்டுவந்து கொட்டும், ஈரம் சீக்கிரம் காயாது, விளைச்சலுக்குக் குறைவிருக்காது. அப்படிப்பட்ட நிலம் ஸ்பெயினில் ஏகப்பட்ட இடங்களில் உண்டு. அங்கங்கே குடியிருந்தவர்களை அக்கம்பக்கத்தார் 'தே லா வேகா', அதாவது 'வேகாக்காரர்' என்று அடையாளம் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சொல் ரோமானியர் வருவதற்கு முந்தையது. பாஸ்க் மொழியில் ஆற்றைக் குறிக்கும் 'இபாய்' என்ற சொல்லோடு அதை இணைப்பார்கள். வடமேற்கு ஸ்பெயினின் கலீசியாவில் இதே பெயர் 'வெய்கா'. வானத்து வேகா நட்சத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது அரபுச் சொல்லின் திரிபு.

நிலம், பிரபுக் குடும்பம், ஊர் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் வடக்கு ஸ்பெயினில் கான்டாப்ரியாவின் தொர்ரேலவேகாதான் சரியான இடம். சாஹா, பெசாயா ஆறுகள் கூடும் பகுதி அது. லா வேகா குடும்பத்தாரின் கோபுர வீட்டால் ஊருக்கே 'வேகாவின் கோபுரம்' என்று பெயர் நிலைத்தது.

வேர் தேடுகிறவர்கள் பிரபுக் குடும்பத்தின் சின்னத்தை வாங்கி மாட்டுவதற்கு முன் மூதாதையரின் ஊரைப் பிடிக்க வேண்டும். 1871 முதல் குடிமைப் பதிவேடு இருக்கிறது. அதற்கு முன்னால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏடுதான். அதில் பெற்றோர், சில இடங்களில் தாத்தா பாட்டி எந்த ஊர்க்காரர் என்றுகூட எழுதியிருப்பார்கள். பெயரைவிட அந்த ஊர்தான் முக்கியம். ஸ்பானிய உச்சரிப்பில் 'வ'வும் (V) 'ப'வும் (B) ஒன்றே என்பதால் பழைய எழுத்தர்கள் இரண்டு எழுத்திலும் எழுதினார்கள், இரண்டிலும் தேடுங்கள். 'தே லா' இருந்தும் இல்லாமலும் பாருங்கள்.

16ஆம் நூற்றாண்டுக்குப் போனால் இன்னும் கவனம் தேவை. அப்போது பெயர் தந்தைவழியே கட்டாயமாக இறங்கவில்லை. 1539இல் பெருவின் குஸ்கோவில் பிறந்த வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ தே லா வேகாவுக்கு முதலில் வைத்த பெயர் கோமெஸ் சுவாரெஸ் தே ஃபிகெரோவா. தந்தையின் பெயரை ஸ்பெயினுக்குப் போன பிறகே சூடிக்கொண்டார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு பெயரில் நிற்பதும் உண்டு. ஆகவே அந்தக் காலத்து ஏட்டில் வேகாவை மட்டும் துரத்தாமல், பெற்றோர் பெயரை வைத்து உடன்பிறந்தவர்களின் பதிவுகளையும் சேர்த்துப் பாருங்கள்.