வடக்கு ஜன்னலும் 65 அங்குலமும்

2025 மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தின் நட்டநடுவில் எங்கள் வீட்டு டிவி போய்விட்டது. சத்தம் வந்தது, படம் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுத் திரைமேல் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். பந்து வீசுகிறவர் ஓடிவருவது உள்ளே மங்கலாகத் தெரிந்தது. அப்படியென்றால் படம் காட்டும் பேனல் உயிரோடு இருக்கிறது, பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்இடி பட்டைதான் செத்துவிட்டது. தம்பி விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் கரையில்தான். அவனும் அவன் கூட்டாளிகளும் ஐபிஎல் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த நேரம் அது. எல்லாரும் எழுந்து போன பிறகும் அப்பா மட்டும் இருட்டுத் திரைக்கு முன்னால், செய்தியைக் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசைப் பிசைந்தது.

மறுநாள் வந்த மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். பவர் போர்டில் செம்புத் தடங்கள் பச்சை பூத்திருந்தன. திருகாணித் தலைகளெல்லாம் துரு. வாங்கி நாலு வருடம்தான் ஆகிறது. எங்கள் ஊர் மண்டபம், ராமேசுவரத்துக்குப் பக்கம். வீட்டிலிருந்து வடக்குக் கரைக்கு முந்நூறு மீட்டர்கூட இல்லை. காற்றில் ஈரம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள், வகுப்பில் சொல்கிற விஷயம்தான், என் வீட்டுச் சுவரிலேயே நடந்திருக்கிறது. கூடுதல் பணம் கட்டி வாங்கிய வாரண்டிக்கு அந்தக் கம்பெனி சொன்ன பதில், "கடற்கரை அரிப்பு இதில் வராது மேடம்" என்பதுதான். கடற்கரைக்காரர்களிடம் விற்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பாவுக்கும் டிவிக்கும் உள்ள உறவு பழையது. இலங்கையில் ரூபவாஹினி 1982-ல் தொடங்கியது. எங்கள் கரையோரத்தில் இரும்புக் குழாயை உயரமாக நட்டு, ஆண்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி அதைப் பிடித்துப் பார்ப்பார்கள். வல்லத்தில் போய்வந்த கையோடு குழாயைத் திருகிக்கொண்டு "இப்ப தெரியுதா?" என்று அப்பா கேட்பதும், உள்ளேயிருந்து நாங்கள் கத்துவதும்தான் எனக்குத் தெரிந்த முதல் டிவி. ராமேசுவரத்தில் 323 மீட்டர் தூரதர்ஷன் கோபுரம் எழுந்ததெல்லாம் அதற்குப் பிறகு. இப்போது அவருக்கு 73 வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. அவருக்காகத்தான் மாடியில் ஓர் அறை எடுத்தோம். இந்த முறை அவசரப்பட்டு வாங்கக் கூடாது என்று நினைத்ததற்கும் அவர்தான் காரணம்.

அறை தெற்கு வடக்காக 14 அடி, கிழக்கு மேற்காக 11 அடி. வடக்கில் பெரிய ஜன்னல், திறந்தால் பாக் விரிகுடா. தம்பிக்கு 75 அங்குலம் வேண்டும், அதைத் தெற்குச் சுவரில் மாட்ட வேண்டும். அங்கேதான் தூரம் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. ஆனால் தெற்குச் சுவர் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பகலில் கடல் முழுக்கத் திரையில் தெரியும். இன்னொன்று, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாக் காற்று மோதுவது அந்தச் சுவரில்தான். போன வருடம் அடித்த சுண்ணாம்பு அதற்குள் உப்புப் பூத்துப் பொரிந்து விழுகிறது. அதில் எதை மாட்டினாலும் முதுகில் உப்பைத் தடவுவதற்குச் சமம். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மாடிப்படி, அது உள்சுவர். ஆக, டிவி மேற்கே.

அங்கே வைத்தால் கட்டிலுக்கும் திரைக்கும் நடுவே எட்டரை அடி. 65 அங்குலத் திரையின் அகலம் 144 செ.மீ. எட்டரை அடியிலிருந்து அது கண்ணுக்கு ஏறக்குறைய 31 பாகையில் விரியும். வீட்டில் படம் பார்க்க 30 பாகையாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 75 வைத்தால் 35 பாகை, சினிமாவுக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்பா பார்ப்பது சாதாரண டிடிஎச் செய்திச் சேனல். அதில் வருவது 720-க்கு 576 புள்ளிதான். அதை 4கே பேனலின் 82,94,400 புள்ளிகள்மேல் இழுத்துப் பூசும்போது, திரை பெரிதாகப் பெரிதாக முகங்கள் மெழுகாகிவிடும். தம்பியிடம் தாளில் போட்டுக் காட்டினேன். "சரிக்கா" என்றான், அரை மனதாக.

புரொஜெக்டர் யோசனையும் அவனுடையதுதான். சுவர் முழுக்க 100 அங்குலம்! ஆசையாகத்தான் இருந்தது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 அங்குலப் படத்தின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். 2,500 லூமென் கருவியின் வெளிச்சத்தை அதில் பரப்பினால் சதுர மீட்டருக்குச் சுமார் 900 லூமென், அதாவது 900 லக்ஸ் வரும். பகல் பதினொரு மணிக்கு, திரைச்சீலை திறந்திருக்க, அந்தச் சுவரில் போனை வைத்து அளந்தேன், 250 லக்ஸ். புரொஜெக்டரால் வெளிச்சத்தை எறிய முடியும், இருட்டை எறிய முடியாது. கறுப்பாகத் தெரிய வேண்டிய இடம் அந்த 250 லக்ஸ் சுவராகவேதான் தெரியும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஐந்து மடங்குகூட வித்தியாசம் வராது. அதோடு, உள்ளே விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், எங்கள் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுக்கும். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பிளாஸ்மா நினைவு வருகிறவர்கள் இருப்பீர்கள். கீழக்கரையில் தோழி வீட்டில் ஒன்று இருந்தது. வளைகுடா நாட்டில் இருந்த அவள் அண்ணன் அனுப்பியது. நுண்ணிய அறைகளுக்குள் வாயு, அதில் மின்சாரம் பாய்ந்து புறஊதாக் கதிர், அது பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சின்மேல் பட்டு நிறம். கிட்டத்தட்ட டியூப்லைட் வேலை செய்யும் விதம்தான். இரவில் அதில் படம் பார்த்த சுகத்தை நான் மறக்கவில்லை. பானாசோனிக் 2013 முடிவில் பிளாஸ்மாத் தயாரிப்பை நிறுத்தியது, மற்றவர்களும் அடுத்தடுத்து விட்டுவிட்டார்கள். இனிப் புதிதாகக் கிடைக்காது.

மிச்சம் இருந்தது எல்சிடி, இல்லாவிட்டால் ஓஎல்இடி. கடையில் எழுதியிருக்கும் எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி மூன்றும் எல்சிடிதான் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. எல்சிடியில் இருக்கும் திரவப் படிகம் ஒளி தராது. பின்னால் எரியும் விளக்குக்கு முன் கதவு திறந்து மூடுவதுதான் அதன் வேலை. எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கசியும், அதனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். கியூஎல்இடியில் நடுவே குவாண்டம் புள்ளிகள் என்ற நுண்துகள்கள் கொண்ட ஒரு படலம் கூடுதலாக இருக்கும். துகளின் அளவு மாறினால் நிறம் மாறும். 2023-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற அதே விஷயம்தான். மாணவர்களிடம் அன்று இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து பார்த்தது. நிறம் அதில் நன்றாக இருக்கும், ஆனால் கறுப்பின் கசிவு அப்படியே இருக்கும். மினி எல்இடியில் பின்விளக்கைச் சில நூறு கட்டங்களாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் விளக்கைத் தணிக்கிறார்கள், இதற்கு லோக்கல் டிம்மிங் என்று பெயர். ஓஎல்இடியில் கதவே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் கண்ணால் பார்க்காமல் நான் முடிவெடுக்க மாட்டேன். கடைகளில் ஓடும் படம் நமக்கு உதவாது. பூ, கிளி, தேன் சொட்டுவது, இவை எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். அதனால் ஓர் அமாவாசையன்று வடக்குக் கரை ஜெட்டியில் ஸ்டாண்டு போட்டு, போனில் கடலை நாலு நிமிடம் எடுத்தேன். இருட்டுக் கடல், தூரத்தில் ஏழெட்டுப் படகு விளக்கு, அவ்வளவுதான். அதையும், அப்பா பார்க்கும் செய்திச் சேனலிலிருந்து பதிவு செய்த பத்து நிமிடத்தையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ராமநாதபுரத்திலும் மதுரையிலும் ஐந்து கடை ஏறினேன். ஒவ்வொரு இடத்திலும் முதல் வேலை, விவிட் என்று கண்ணைப் பறிக்கும்படி வைத்திருப்பதைச் சினிமா அமைப்புக்கு மாற்றச் சொல்வது. ஒரு கடைப் பையன் மட்டும் முகம் சுளிக்காமல், தானும் பக்கத்தில் நின்று பார்த்தான்.

விலை குறைந்த எல்சிடியில் கடல் சாம்பல் கரைத்த தண்ணீராக இருந்தது, விளக்கு எது அலை எது என்று தெரியவில்லை. மினி எல்இடியில் கடல் கறுத்தது, ஆனால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் மெல்லிய ஒளிவட்டம். நியாயம்தான். ஐந்நூறு கட்டம் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு கட்டத்துக்குப் பதினாறாயிரம் புள்ளிக்கு மேல் வருகிறது. ஒரு விளக்குக்காக அத்தனைக்கும் பின்னால் எரிய வேண்டும். ஓஎல்இடியில் போட்டபோது எனக்கு மூச்சே நின்றது. திரை எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத கறுப்பு. அதில் ஏழெட்டு ஊசிமுனை விளக்கு. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாலும் அப்படியே இருந்தது.

அதை ஏன் வாங்கவில்லை? செய்திச் சேனல்தான் காரணம். கீழே ஓடும் பட்டி, மூலையில் சின்னம், காலை ஆறு மணி முதல் இரவு வரை ஒரே இடத்தில். தடைக்காலம் வந்தால் மாலையில் அதே திரையில் ஸ்கோர் பலகை வேறு. ஓஎல்இடியில் எரிவது கரிமப் பொருள், எரிய எரியத் தேயும். அதிகம் எரிந்த இடம் அதிகம் தேயும், அந்தத் தடம் அழியாது. புள்ளிகளை லேசாக நகர்த்துவது, சின்னத்தை மங்கவைப்பது என்று புதிய செட்டுகளில் பாதுகாப்பு இருக்கிறது. தினம் ரெண்டு மணி நேரம் படம் பார்க்கிற வீடாக இருந்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் வாங்கியிருப்பேன், உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். அப்பாவிடம் போய்ச் சேனலை மாற்றிக்கொண்டே இருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதோடு, பகல் வெளிச்சம் நிறைந்த அறையில் மினி எல்இடியின் பிரகாசம் நன்றாக எடுபடும். திரை முழுக்க வெள்ளையாக இருக்கும்போது ஓஎல்இடி தன் வெளிச்சத்தைத் தானே தணித்துக்கொள்ளும். அப்பாவுக்கு வெள்ளைப் பட்டியில் கறுப்பு எழுத்துத் தெளிவாகத் தெரிவதுதான் முக்கியம்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்குக் காத்திருந்து, தீபாவளிக்கு முன்னால் 65 அங்குல மினி எல்இடி வாங்கினோம். குட்டி யானையில் உச்சிப்புளி வழியாக வந்தது. படுக்கப் போடாமல் நிறுத்திக் கட்டித்தான் கொண்டுவர வேண்டும் என்று கடையிலேயே சொல்லி, தம்பி பின்னால் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

சுவரோடு ஒட்டி மாட்டவில்லை. ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் அரை அடி இடம் விட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் காற்றுத் துளைகளைத் தட்டிவிடுகிறேன், ஈரத்துணி கிட்டவே போகாது. வாடைக்காற்று காலத்தில் இடி கேட்டால் பிளக்கையும் டிடிஎச் வயரையும் பிடுங்கிவிடுவோம், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கரண்ட்டும் கணக்குப் பார்த்தேன். 150 வாட் என்று வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108. 2025-ல் கரண்ட் பில்லில் இலவசம் என்று கழித்த 100 யூனிட்டை அப்பாவின் செய்தியே தின்றுவிடும் என்று தெரிந்தது. பரவாயில்லை.

ஒரு சிக்கல் மட்டும் நான் எதிர்பார்த்ததுதான். இந்த வகைப் பேனலில் நேரே உட்கார்ந்தால்தான் கறுப்பு நிற்கும், பக்கவாட்டில் வெளுத்துப்போகும். அப்பாவின் நார்க்கட்டில் கிடந்தது ஜன்னலோரம். நாலு அடி தெற்கே நகர்த்த வேண்டும் என்றதும் இரண்டு நாள் பேசவில்லை. அந்த ஜன்னலிலிருந்து படகு திரும்புவதைப் பார்ப்பது அவர் வழக்கம். மூன்றாம் நாள் அவரே எழுந்து நின்று, "இங்கிட்டுப் போடு, தலைமாடு வடக்கால இருக்கட்டும்" என்றார்.

அன்று இரவு என் பென் டிரைவைச் செருகி அந்த நாலு நிமிடக் கடலைப் போட்டேன். ஓஎல்இடியில் பார்த்த கறுப்பு இதில் இல்லையே என்று எனக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. ஒளிவட்டம் கண்ணில் படாமல் இருக்க, லோக்கல் டிம்மிங்கை உச்சத்தில் வைத்திருந்தேன். அப்பா முழுவதும் பார்த்தார். விளக்குகளை விரலால் எண்ணினார்.

"கடல் இவ்வளவு இருட்டா இருக்காதும்மா," என்றார். "அமாவாசையிலகூட வானத்துக்குக் கீழ ஒரு வெளுப்புக் கிடக்கும். அதை வச்சுத்தான் நாங்க கரையப் பிடிப்போம்."

ரிமோட்டை எடுத்து டிம்மிங்கை ஒரு படி குறைத்தேன். தொடுவானம் நூலாகத் தெரிந்தது. "இன்னுங் கொஞ்சம்" என்றார். இன்னொரு படி குறைத்தேன்.