ஹீன் போவிட்டியா: மாடியில் முதல் காய்

காய் பிடித்துவிட்டது. கொழும்பு வெள்ளவத்தை மாடியில் நிற்கும் இரண்டு ஹீன் போவிட்டியாச் செடிகளிலும் இதழ் உதிர்ந்த பிறகு பூவின் அடிப்பகுதி வாடி விழாமல் பச்சையாகப் பருத்துக்கொண்டு வருகிறது. பூக்க வைப்பது அவ்வளவு கடினமில்லை. பூத்தது ஒன்றுவிடாமல் உதிர்ந்துபோவதுதான் இவ்வளவு காலமும் என் கவலை. எனவே எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒஸ்பெக்கியா ஒக்டாண்ட்ரா என்பது ஹீன் போவிட்டியாவின் விஞ்ஞானப் பெயர், இது இலங்கைக்கு மட்டுமே உரிய செடி. சிங்கள வைத்தியத்தில் ஈரலுக்கும் மஞ்சட்காமாலைக்கும் கொடுப்பார்கள், அதனால் காய்ந்த இலை மருந்துக் கடைகளில் பக்கற்றில் கிடைக்கும். உயிருள்ள செடிதான் கிடைக்காது. ஈரவலயத்தில் வெயில் விழும் சரிவுகள், பாதையோர மண்மேடுகள், காடு அழிந்த இடத்தில் கெக்கில்லப் பன்னம் மூடிக் கிடக்கும் ஏழை நிலங்கள், இவைதான் இதன் இடம். அமில மண்ணும் நிறைய மழையும் வேண்டும், உரம் தேவையில்லை. எட்டியாந்தோட்டைப் பக்கம் தேயிலை மலையோரத்தில் இருக்கும் ஒரு செடியிலிருந்து மாமா அனுப்பிய விதையில்தான் இந்த இரண்டும் வந்தன. களை வெட்டும்போது அந்தத் தாய்ச்செடியும் ஒருநாள் போய்விடும் என்பதால்தான் எனக்கு இவ்வளவு அவசரம்.

பூவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊதாவும் ரோசாவும் கலந்த நான்கு இதழ், நடுவில் எட்டு மகரந்தத் தாள்கள். சிக்கல் அந்த எட்டிலும் இருக்கிறது. மகரந்தக்கூடு நீளவாக்கில் வெடிக்காது, அலகுபோல நீண்ட நுனியில் ஒரு சிறு துளை மட்டும் திறக்கும். உப்புக் குலுக்கியைப்போல உலுக்கினால்தான் தூள் வெளியே வரும். காட்டில் இந்த வேலையைச் செய்வது கருவண்டும் (மரத்தில் துளையிடும் பெரிய கறுப்புத் தேனீ) நீலப்பட்டைத் தேனீயும். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். அப்போது ஒரு உறுமல் கேட்கும், தூள் தெறிக்கும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. என் மாடிக்குத் தேனீ தாராளமாக வருகிறது, கடற்காற்று அடிக்கும் அந்த உயரத்துக்குக் கருவண்டுதான் வருவதில்லை. தூரிகையால் தடவிப் பார்த்தவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். துளைக்குள் இருக்கும் தூளைத் தூரிகை எடுக்காது.

எனக்குக் கைகொடுத்தது இசைக்கவை, தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் இரண்டு புயமுள்ள உலோகக் கவை. முதலில் வாங்கியது கிட்டார் சுருதி பார்க்கும் 440 ஹெர்ட்ஸ் கவை. தூள் வந்தது, ஆனால் கறுப்புத் தாளில் மங்கலாகத் தெரியும் அளவுக்குத்தான். அப்புறம் பாடசாலை ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடையில் 256 கிடைத்தது. கவை பெரிது, புயமும் கூடுதல் வீச்சோடு ஆடுகிறது. அதை வைத்த உடனேயே மஞ்சள் தூள் சிதறியதைப் பார்த்தபோது வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கவையின் கைப்பிடி முனையைக் காம்பில் வைத்தால் பூ சும்மா தலையாட்டும். புயத்தின் நுனியை இதழுக்குக் கீழே, மகரந்தத் தாள்கள் சேர்ந்திருக்கும் அடிப்பகுதியில், தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். அழுத்தினால் அதிர்வு செத்துவிடும், இதழில் பட்டால் இதழ் கழன்றுவிடும். காம்பை மற்றக் கையால் பிடிக்கவும் கூடாது, விரல் அதிர்வைக் குடித்துவிடும். காற்றில் ஆடும் கிளையை ஒரு முழம் கீழே கம்பில் கட்டிவிட்டு வேலை செய்யுங்கள். கவையைத் தட்டுவதற்குப் பழைய ரப்பர் செருப்பு போதும்.

நேரமும் முக்கியம். விடியற்காலையில் பனி ஈரத்தோடு இருக்கும் பூ ஒன்றும் தராது. வெயில் ஏறி மகரந்தக்கூடு காய்ந்த பிறகு, மத்தியானத்துக்கு முன் செய்துவிட வேண்டும். மழை நனைத்த பூவை விட்டுவிடுங்கள். ஒரு செடியின் தூளைக் கறுப்புத் தாளில் சேர்த்து, மற்றச் செடியின் பூவில் குறியின் (தூளை ஏற்கும் பெண் பாகம்) நுனி அந்தத் தூளில் படும்படி மெதுவாகத் தொட்டேன். அந்த நுனி ஒரு புள்ளி அளவுதான், கைலென்ஸ் இல்லாமல் நம்பி இறங்க வேண்டாம்.

இதே கவை மாடியில் கத்தரிக்கும் தக்காளிக்கும் உதவுகிறது. ஆவாரம்பூவுக்கும் துளை வழியாகத்தான் தூள் வரும், அதிலும் பார்க்க ஆசை.

செடி விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் ஒருவரிடம் "போவிட்டியா" என்று காசு கட்டி வாங்கிய கன்றுகள் வளர்ந்து வெள்ளைப் பூ பூத்தன. கிளிடெமியா ஹேர்ட்டா! அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் ஈரவலயக் காடுகளுக்குள் பரவும் அதே கட்ட களு போவிட்டியா. வேரோடு பிடுங்கி எரித்தேன். அடியிலிருந்து நுனிவரை ஓடும் நரம்புகள் இரண்டு செடிகளின் இலையிலும் இருப்பதால் கன்றில் ஏமாறுவது சுலபம். பூ வந்தால் சந்தேகமே இல்லை. காயிலும் தெரியும்: கிளிடெமியாவுக்குக் கருநீலச் சதைப்பழம், நம்முடையதற்கு மேலே துளைவிட்டு விதை கொட்டும் உலர்ந்த காய்.

காய் பழுப்பாகும்போது மெல்லிய துணிப் பை கட்டப்போகிறேன், விதை பொடி மாதிரி இருப்பதால் இந்தக் காற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. விதைக்கத் தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) கழுவி வைத்தாயிற்று. உப்புப் போகும்வரை கழுவ வேண்டும், மேலே மண் தூவக் கூடாது. அடுத்தது காயாச் செடி. அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் அந்த நீலப்பூவை இந்த மாடியில் பார்க்க நிறையக் காலம் எடுக்கும்.

அதற்கு முன் ஒரு தேவை. என் இரண்டு செடியும் ஒரே தாயின் பிள்ளைகள். இரத்தினபுரி, களுத்துறை, காலிப் பக்கம் வீட்டுக் காணியில் ஹீன் போவிட்டியா இருப்பவர்கள் சில காய்ந்த காய்கள் தந்தால், பதிலுக்கு என்னுடைய விதையும் தருவேன், 256 கவையையும் இரவல் தருவேன். ஒதுக்கக் காடுகளுக்குள் போய்ப் பறித்ததை மட்டும் தர வேண்டாம்.