வந்த வேகத்தில் ஓடிப்போன டெர்மினல்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் நான். சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் போனில் எடுத்துத் தரும் கிளிப்புகளின் ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கை) முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிமேளம் ஒரு பக்கம் கேட்கும், தாலி ஒரு பக்கம் ஏறும். இதற்கு டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில்) ஓடி, வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவே போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கோப்பின் பெயரை அடித்துக்கொண்டிருக்க அலுப்பு. ரைட் கிளிக் செய்தால் 'ஓப்பன் வித்' பட்டியலிலேயே அது வந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று உபுண்டு லினக்ஸில் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

மீடியாஇன்ஃபோவை ஓட்டிவிட்டு என்டர் தட்டும்வரை காத்திருக்க இரண்டு வரி ஸ்கிரிப்ட், அதைக் கூப்பிட ஒரு .டெஸ்க்டாப் கோப்பு (நிரலைப் பட்டியலில் சேர்க்கும் குறிப்பு). இவ்வளவுதான் வேலை. அந்தக் கோப்புகளின் டேட்டாபேஸையும் அப்டேட் செய்தாயிற்று. பட்டியலில் பெயரே வரவில்லை! பிழைச்செய்தி என்று ஒரு வரிகூட இல்லை. எதை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக் வரியில், ஹோம் கோப்புறையைக் குறிக்கும் ~ குறியோடு பாதையை எழுதியிருந்தேன். அந்தக் குறியை விரித்துப் படிப்பது ஷெல், அதாவது டெர்மினலில் தட்டும் கட்டளைகளை நிறைவேற்றும் நிரல். இங்கே ஷெல் நடுவில் வருவதே இல்லை. நிரல் கண்ணில் படாததால் உபுண்டு மொத்தப் பதிவையும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டது. '/ஹோம்' என்று தொடங்கி முழுப் பாதையையும் எழுதுங்கள்.

சரி, பெயர் வந்தது. கிளிக் செய்தால் ஜன்னல் மின்னி மறைகிறது. காத்திருக்கத்தான் கடைசி வரியில் 'ரீட்' போட்டிருக்கிறேனே? டெர்மினலில் அதே வரியைத் தட்டிப் பார்த்தேன், சமர்த்தாகக் காத்திருந்தது. அங்கேதான் ஏமாந்தேன். நான் தட்டியது பேஷ் என்ற ஷெல்லில். எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலோ 'எஸ்எச்'. உபுண்டுவில் 2006-லிருந்தே அது டேஷ் என்ற வேறொரு ஷெல். வெறும் 'ரீட்' என்றால் பேஷ் ஏற்கும், டேஷ் ஒரு மாறியின் பெயர் கேட்டுக் கோபித்துக்கொண்டு வெளியேறிவிடும். 'ரீட் எக்ஸ்' என்று மாற்றியதும் ஜன்னல் நின்றது. இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம்.

அப்புறம் 'அத்தை போன் 3' என்ற கிளிப். ஜன்னல் நிற்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. பெயரில் இடைவெளி; அதனால் அது மூன்று துண்டாகப் போயிருக்கிறது. ஸ்கிரிப்ட்டுக்குள் கோப்பின் பெயரைத் தாங்கும் $1-ஐ மேற்கோள் குறிக்குள் வைக்க மறந்திருந்தேன். ஆனால் .டெஸ்க்டாப் கோப்பில் அதே பெயருக்கு இடம் பிடித்திருக்கும் %எஃப்-க்கு மேற்கோள் போட்டுவிடாதீர்கள்; அங்கே அது கூடாது.

கடைசியாக ஐபோன் கிளிப்புகள். எம்பி4-க்கு வருகிற பெயர் இவற்றுக்கு வரவில்லை. கோப்பின் வகையை 'எக்ஸ்டிஜி-மைம் கொயரி ஃபைல்டைப்' என்று கேட்டதில் பதில்: வீடியோ/குவிக்டைம். .டெஸ்க்டாப் கோப்பில் வகைகளைப் பட்டியலிடும் மைம்டைப் வரியில் அரைப்புள்ளி வைத்து அதையும் சேர்த்தேன். இயல்பு நிரலாக மட்டும் மாற்றவில்லை. இரட்டைக் கிளிக் செய்தால் வீடியோ ஓட வேண்டுமே.

இரவு பத்து மணிக்கு அத்தையின் கிளிப்பை மறுபடி திறந்தேன். ஃப்ரேம் ரேட் மோட்: வேரியபிள், அதாவது நிலையாக இல்லை. நினைத்தேன்.