அம்புக்குறிக்கு முன் ஒரு கணக்கு

பதினோராம் வகுப்பில் எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பில் பகிர்ந்த எலக்ட்ரான்களை ஓர் அணு தன்பக்கம் இழுக்கும் திறன், நடத்தும்போது கரும்பலகையில் முதலில் அம்புக்குறி போடக் கூடாது. ‘தனிம வரிசை அட்டவணையில் இடமிருந்து வலம் கூடும், மேலிருந்து கீழ் குறையும்’ என்று எழுதிய மறுநிமிடமே பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ‘எது கூடுகிறது?’ என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது.

முதலில் ஒரு கணக்கு போடலாம். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு ஆற்றல் மோலுக்கு 436 கிலோஜூல், குளோரினுக்கு 242. சராசரி 339. ஹைட்ரஜன் குளோரைடுக்கு அளந்து பார்த்தால் 431 வருகிறது. மிகுதி 92, இரண்டு அணுக்களும் எலக்ட்ரான்களைச் சமமாக இழுக்காததால் வருவது; அதன் வர்க்கமூலம் 9.6. இதை 0.102 என்ற மாறிலியால் பெருக்கினால் 0.98, இதுதான் இரண்டின் கவர்தன்மை வித்தியாசம். ஹைட்ரஜனின் கவர்தன்மையான 2.20 உடன் கூட்டினால் 3.18. அட்டவணையில் குளோரினுக்கு 3.16! 1932இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் காட்டிய வழி இது. தன் கையால் இந்த எண்ணை வரவழைத்த மாணவருக்கு, இது பிணைப்பில் இருக்கும் அணுவின் பண்பு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமாகப் பிணைப்பு அமைக்காத ஆர்கானுக்கு ஏன் மதிப்பு இல்லை என்பதும் விளங்கிவிடும்.

எலக்ட்ரான் நாட்டத்தையும் கவர்தன்மையையும் ஒன்றாகக் குழப்பும், தேர்வுத்தாளில் அடிக்கடி வரும் பிழையும் இங்கேதான் தீரும். எலக்ட்ரான் நாட்டம் மோலுக்குக் குளோரினுக்கு 349 கிலோஜூல், ஃபுளூரினுக்கு 328. கவர்தன்மையிலோ ஃபுளூரின் 3.98 உடன் முதலிடம். முன்னது தனித்த அணு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல். ஃபுளூரின் மிகச் சிறியது. உள்ளே நுழையும் எலக்ட்ரானை ஏற்கெனவே இருப்பவை நெருக்கித் தள்ளுகின்றன.

கவர்தன்மை கூடிக் குறைவதன் காரணத்துக்கு, உள் எலக்ட்ரான்களின் மறைப்பைக் கணக்கிடும் ஸ்லேட்டர் விதி போதும். செயலுறு அணுக்கரு மின்சுமை, அதாவது மறைப்பு போக வெளி எலக்ட்ரான் உணரும் மின்சுமை, லித்தியத்தில் 1.3, ஃபுளூரினில் 5.2, வெளிக்கூடு இரண்டுக்கும் ஒன்றே. தொகுதியில் இறங்கும்போது கூடு விரிவதால் பிடி தளர்கிறது.

ஆனால் கவர்தன்மை அலுமினியத்துக்கு 1.61, அதற்குக் கீழே உள்ள காலியத்துக்கு 1.81. இதை விதிவிலக்கு என்று சொல்லிக் கடந்துபோவது பெரும் இழப்பு. இடையில் காலியத்தின் 3டி என்ற உட்கூட்டில் நிரம்பிய பத்து எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சரியாக மறைப்பதில்லை. அதனால் காலியம் நாம் எதிர்பார்க்கும் அளவுக்குப் பெருப்பதில்லை, பிடியும் தளர்வதில்லை.

கவர்தன்மை வித்தியாசம் 1.7ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு என்ற விதியைக் கற்பித்த அன்றே சோதித்துப் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வித்தியாசம் 1.78, அது சகப்பிணைப்பு மூலக்கூறு. சோடியம் ஹைட்ரைடில் வெறும் 1.27, அது அயனிப் படிகம். இரண்டையும் அருகருகே எழுதிவிட்டு, வகுப்பு பேசத் தொடங்கும்வரை காத்திருக்கலாம்.